நாலாவது கல். இந்த முறையாவது காரணம் தெரிய வேண்டும் (சி.கே.டி., அதாவது நாள்பட்ட சிறுநீரக நோய், 3ஆம் நிலை)

நாலாம்_கல் | முதல் பதிவு

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 46, பெண். 9 வருடத்தில் 4 கல். முதலாவது தானாக இறங்கியது. இரண்டாவதை அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள். மூன்றாவதை லேசரில் பொடித்து, ஸ்டென்ட் (சிறுநீர்க் குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழல்) வைத்து அனுப்பினார்கள் (அந்த ஸ்டென்ட்டோடு இருந்த நாட்களைப் பற்றித் தனியாக ஒரு இழை போடலாம்). நாலாவது 6 மி.மீ., வலது சிறுநீரகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வலி இல்லை.

இதற்கு நடுவில் சிறுநீரகமே தேய்ந்துகொண்டு வருகிறது. க்ரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.3, இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 51. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் எடுக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் கல்லை எடுத்தார்கள். ஏன் வருகிறது என்று கேட்டால், "சிலருக்கு உடம்பு அப்படித்தான்மா, தண்ணீர் நிறைய குடிங்க, பால் தயிரைக் குறைங்க" என்ற ஒரே பதில்தான். பாலைத் தொட்டே 8 வருடம் ஆகிறது. அப்படியும் கல் வருகிறது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

---

பதினோரு_வருடம்

சகோதரி, தவறாக நினைக்க வேண்டாம். காரணம் கண்டுபிடிக்கிறேன் என்று போனால் சோதனை மேல் சோதனைதான் எழுதுவார்கள். எனக்கு ஒரு கல் வந்தது. அன்றிலிருந்து தினமும் 3 லிட்டர் தண்ணீர். 11 வருடம் ஓடிவிட்டது, ஒரு துகள் கூட இல்லை. எளிய வழி இருக்கும்போது தலையைக் குழப்பிக்கொள்வது எதற்கு?

---

பி_ஹெச்_தாள்

பதினோரு_வருடம் அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. முதல் கல், வேறு நோய் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் நீங்கள் சொல்வது சரிதான், தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இவருக்கு 4 கல், கூடவே சிறுநீரகக் குறைபாடு. இது வேறு கணக்கு.

என் கதையைச் சொல்கிறேன். வலி என்றால் விலாவில் ஆரம்பித்துக் கவட்டை வரை இழுக்கும். எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றுமே தெரியாது. வாயுப் பிடிப்பு என்று இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசியில் சி.டி. எடுத்தபோது 11 மி.மீ. கல் பளிச்சென்று தெரிந்தது. யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் விழாதாம்.

வேடிக்கை என்னவென்றால் என் இரத்தத்தில் யூரிக் அமிலம் அளவாகத்தான் இருந்தது. கோளாறு சிறுநீரின் அமிலத்தன்மையில். பி.ஹெச். எப்போது பார்த்தாலும் 5, 5.2. அது 5.5-க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் கரையாமல் படிந்துவிடும். சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்களுக்கு இப்படி ஆவது அதிகம் என்றார் டாக்டர். இரண்டும் எனக்கு உண்டு.

பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து, பி.ஹெச்.சை 6-லிருந்து 6.5-க்குள் வைக்கச் சொன்னார். காலையும் மாலையும் தாளை நனைத்து நிறம் பார்த்து நோட்டில் எழுதுவேன். 4 மாதத்தில் கல் கரைந்தே போனது. அறுவையும் இல்லை, லேசரும் இல்லை. இது கால்சியம் கல்லாக இருந்திருந்தால் அந்த மருந்துக்குக் கரைந்திருக்காது. கல்லின் சாதி தெரியாமல் வைத்தியம் பார்ப்பது முகவரி இல்லாமல் கடிதம் போடுவது மாதிரி.

நீங்களும் சிட்ரேட் கேட்டுப் பாருங்கள் அக்கா.

---

வாரம்_மூன்று_நாள்

பி_ஹெச்_தாள், கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். இ.ஜி.எஃப்.ஆர். 51, மேலே டெல்மிசார்டன். அந்த மாத்திரையே பொட்டாசியத்தை ஏற்றும். அதோடு பொட்டாசியம் சிட்ரேட்டும் சேர்ந்தால், இதயத் துடிப்பு தாளம் தப்புகிற அளவுக்குப் போகலாம். உங்களை மாதிரி நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது மருந்து. இவருக்கு, இரத்தத்தில் பொட்டாசியம் பார்க்காமல் தொடக் கூடாத மருந்து.

நான் டயாலிசிஸில் இருப்பவன். 6 வருடம். எனக்கும் கல்லில்தான் ஆரம்பித்தது, ஆனால் வலிக்காத கல். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், ஆன்டிபயாடிக் போடுவேன், சரியாகும், மறுபடி வரும். ஸ்கேனில் "கல் பெரிதாக இருக்கிறது" என்றபோது, வலி இல்லையே என்று விட்டுவிட்டேன். அது கிருமித் தொற்றால் வருகிற ஸ்ட்ரூவைட். சில கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கும். அந்தக் காரத்தில் கல் கிடுகிடுவென வளரும். மான்கொம்பு மாதிரி கிளை விட்டு இரண்டு சிறுநீரகத்தையும் அடைத்துவிட்டது. அறுவை செய்தார்கள்தான். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது.

வலிக்கிற கல்லை யாரும் மறக்க மாட்டார்கள். வலிக்காததை மறந்துவிடுவோம்.

---

சோதனைச்சாலை_ராத்திரி_ஷிஃப்ட்

லேபில் வேலை பார்ப்பவள். வைத்தியம் சொல்ல மாட்டேன், குடுவையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கேள்வி 1: மூன்றாவது கல்லை எடுத்தபோது அந்தத் துண்டுகளை என்ன செய்தார்கள்? கல் பகுப்பாய்வு செய்தார்களா?

கேள்வி 2: 24 மணி நேர சிறுநீர்ச் சோதனை எப்போதாவது செய்ததுண்டா?

கேள்வி 3: இரத்தக் கால்சியம்?

---

நாலாம்_கல்

எல்லோருக்கும் நன்றி. வாரம்_மூன்று_நாள் அண்ணா, பயமுறுத்தியதற்கும் நன்றி. எடுத்துப் பார்த்தேன், போன மாதப் பொட்டாசியம் 5.1. சிட்ரேட் பக்கமே போகவில்லை.

லேப் அக்கா, 2-க்குப் பதில் இல்லை என்பதுதான். 3 தெரியவில்லை, பழைய ஃபைலைத் தேடணும். 1-க்குச் சிரிக்காதீர்கள்: துண்டுகளைக் குட்டி டப்பாவில் போட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். 4 வருடமாக அலமாரியில், வாரன்டி அட்டைகளோடு கிடக்கிறது. இனி அதனால் பிரயோஜனம் இல்லைதானே?

---

சோதனைச்சாலை_ராத்திரி_ஷிஃப்ட்

இருக்கிறதே! கல் காய்ந்து கிடந்தால் கெடாது. அதை அப்படியே கொண்டுபோய்ப் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள். அகச்சிவப்புக் கதிர் செலுத்தி எந்த உப்பு எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவார்கள். எத்தனை பேர் அதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள் தெரியுமா.

24 மணி நேரச் சேகரிப்பில் பாதிப் பேர் தப்பு செய்வது முதல் சிறுநீரில்தான். காலையில் எழுந்ததும் போவதைக் குடுவையில் சேர்க்கக் கூடாது. அதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வருகிற ஒவ்வொரு சொட்டும் குடுவைக்குள். மறுநாள் அதே மணிக்குப் போவதையும் சேர்த்து முடிக்க வேண்டும். குடுவையில் லேபில் ஊற்றிக் கொடுத்த திரவம் இருந்தால் அது அமிலமாக இருக்கலாம், நேரடியாக அதில் போகாதீர்கள், வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றுங்கள்.

இன்னொன்று. சோதனை நாளில் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டாம். தினமும் என்ன சாப்பிடுகிறீர்களோ, எவ்வளவு குடிக்கிறீர்களோ, அதேதான். அன்றைக்கு மட்டும் 4 லிட்டர் குடித்துவிட்டு வந்தால் அறிக்கை அழகாக இருக்கும், உண்மை இருக்காது.

---

கண்காணிப்பாளர்

பொதுவாக ஒரு வரி: கல் இருப்பவருக்குக் குளிர் காய்ச்சல், நடுக்கம் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடைப்புக்குப் பின்னால் தொற்று சேர்ந்தால் மணிக்கணக்கில் மோசமாகும்.

---

இரண்டு_மணிக்கு_அலாரம்

என் மகனுக்கு 17 வயது. சிஸ்டின் கல். 12 வயதில் முதல் கல் வந்தபோது "இந்த வயதில் கல்லா" என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்களே தவிர, அந்த ஆச்சரியத்தைக் கேள்வியாக்கியவர் ஒரே ஒரு டாக்டர்தான். சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஆறு பக்கப் படிகங்கள். அதைப் பார்த்த பிறகு சந்தேகமே இல்லை என்றார். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கு ஒரு பழுதான மரபணு வந்து சேர்ந்தால் வருவது. எங்கள் இருவருக்கும் ஒரு கல் கூட வந்ததில்லை. தம்பியையும் சோதித்தோம், அவனுக்கு இல்லை.

இவனுக்கு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். குடிப்பது அல்ல, போவது. அதனால் ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுப்பித் தண்ணீர் கொடுக்கிறேன். இப்போது அவனே எழுந்துகொள்கிறான், ஆனால் எனக்குத்தான் 2 மணிக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது.

குழந்தைக்குக் கல் என்றால் காரணம் தேடாமல் விடாதீர்கள், இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் சரி.

---

பதினோரு_வருடம்

பால் தயிரைக் குறைக்கச் சொன்னதிலாவது தப்பில்லையே? கல்லே கால்சியம்தானே. உள்ளே போவதை நிறுத்தினால் குறையும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

---

பி_ஹெச்_தாள்

சின்னப் பிள்ளைக்குப் புரியும், குடலுக்குத்தான் புரியாது அண்ணா. :)

சாப்பாட்டில் உள்ள ஆக்சலேட்டை (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிற பொருள்) குடலிலேயே பிடித்து வெளியே தள்ளுவது கால்சியம்தான். கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட் தனியாக நின்று, இரத்தத்துக்குள் போய், சிறுநீரில் இறங்கும். 2002-இல் இத்தாலியில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சிறுநீரில் கால்சியம் அதிகமாகி, கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்கள். 60 பேருக்குக் கால்சியம் குறைந்த சாப்பாடு. 60 பேருக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. 5 வருடம் பார்த்தார்கள். கால்சியத்தைக் குறைத்தவர்களில் 23 பேருக்கு மறுபடி கல், மற்றவர்களில் 12 பேருக்கு.

குறைக்க வேண்டியது உப்பு. சோடியம் வெளியேறும்போது கால்சியத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகும். 8 வருடம் பால் குடிக்காமல் இருந்த அக்காவுக்கு இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

---

வாரம்_மூன்று_நாள்

"3 லிட்டர் குடி" என்பதையும் எல்லோருக்கும் சொல்லாதீர்கள். கல் வரக் கூடாதென்றால் நாளைக்கு 2.5 லிட்டராவது சிறுநீர் போக வேண்டும் என்கிறார்கள், அது சரி. அவ்வளவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குத் தெம்பு வேண்டுமே. எனக்கு நாளைக்கு 1 லிட்டருக்குள்தான் அனுமதி. அதற்கு மேல் குடித்தால் நுரையீரலில் போய் நிற்கும். 51-இல் இருப்பவர் பெரும்பாலும் குடிக்கலாம், இருந்தாலும் இதயத்தையும் கால் வீக்கத்தையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

அப்புறம் வலி ஊசி. டைக்ளோஃபினாக் மாதிரி மருந்துகள் கல் வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் தேய்ந்த சிறுநீரகத்தை இன்னும் அடிக்கும். அவசரப் பிரிவில் படுத்ததும் முதல் வாக்கியமாக "எனக்கு சி.கே.டி." என்று சொல்லிவிடுங்கள். வலியில் மறந்துபோகும். நான் சட்டைப்பையில் எழுதி வைத்திருந்தேன்.

---

பச்சைச்சாறு_விட்டவன்

நடுவில் நுழைகிறேன். உடம்பைச் சுத்தம் செய்கிறேன் என்று தினமும் காலையில் பசலைக்கீரையும் பீட்ரூட்டும் அரைத்துக் குடித்தேன், கூட 1000 மி.கி. வைட்டமின் சி மாத்திரை. இரண்டுமே ஆக்சலேட். கீரையில் நேராக இருக்கிறது, வைட்டமின் சி உடம்புக்குள் போய் அப்படி மாறுகிறது. க்ரியாட்டினின் எகிறி, பயாப்ஸி வரை போனேன். திசுவுக்குள்ளேயே ஆக்சலேட் படிகங்கள். ஆரோக்கியத்துக்காகச் செய்தது! சி.கே.டி. உள்ளவர்கள் சாறு வைத்தியம் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

---

நாலாம்_கல் | 5 வாரம் கழித்து

இரண்டு அறிக்கையும் வந்துவிட்டது.

பழைய கல்: கால்சியம் பாஸ்பேட் 70 சதவீதம், மீதி கால்சியம் ஆக்சலேட்.

24 மணி நேரம்: அளவு 1.4 லிட்டர், கால்சியம் 190 மி.கி., ஆக்சலேட் சாதாரணம், பி.ஹெச். 6.6, க்ரியாட்டினின் 610 மி.கி. கால்சியம் அளவுக்குள்தான் இருக்கிறது என்றார்கள். மறுபடி "உடம்பு அப்படித்தான்" என்று முடியப்போகிறது போல.

---

சோதனைச்சாலை_ராத்திரி_ஷிஃப்ட்

எடை எவ்வளவு?

---

நாலாம்_கல்

62 கிலோ. ஏன்?

---

சோதனைச்சாலை_ராத்திரி_ஷிஃப்ட்

அப்படியென்றால் குடுவையில் ஒரு நாள் சிறுநீர் முழுதாக இல்லை.

ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் க்ரியாட்டினின் அவருடைய தசை அளவைப் பொறுத்தது, ஏறக்குறைய மாறாது. பெண்களுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி. 62 கிலோவுக்கு 930-க்கு மேல் வர வேண்டும், உங்களுக்கு 610. சி.கே.டி. இருந்தாலும் உங்கள் நிலையில் இது பெரிதாக மாறாது. மூன்றில் ஒரு பங்கு எங்கேயோ போய்விட்டது. கால்சியமும் அதே அளவு குறைவாகக் காட்டியிருக்கும். உண்மையைச் சொல்லுங்கள், அன்று வெளியே போனீர்களா?

---

நாலாம்_கல்

... மதியம் அலுவலகம் போனேன். குடுவையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது.

---

சோதனைச்சாலை_ராத்திரி_ஷிஃப்ட்

விடுமுறை நாளில் மறுபடி எடுங்கள். முடிந்தால் இரண்டு தடவை. அதற்குள் அந்த ஃபைலைத் தேடுங்கள்: இரத்தக் கால்சியம். பாஸ்பேட் அதிகமான கல் என்பதால் கேட்கிறேன், உங்கள் டாக்டரும் கேட்பார்.

---

நாலாம்_கல் | 3 வாரம் கழித்து

மறுபடி எடுத்தேன். க்ரியாட்டினின் 1010. கால்சியம் 312 மி.கி.

ஃபைலும் கிடைத்தது. இரத்தக் கால்சியம், 9 வருடத்தில் 5 முறை பார்த்திருக்கிறார்கள்: 10.3, 10.5, 10.4, 10.7, 10.8. லேப் அச்சிட்ட மேல் எல்லை 10.2. ஐந்திலும் ஓரத்தில் ஒரு சின்ன மேல்நோக்கிய அம்பு. ஐந்தையும் ஐந்து பேர் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "லேசாகத்தான் கூட" என்று தாண்டிப் போயிருக்கிறோம். ஐந்து தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே நேற்றுதான்.

டாக்டர் பி.டி.ஹெச். சோதனை எழுதினார் (கழுத்திலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து வந்து, இரத்தக் கால்சியத்தை ஏற்றும் ஹார்மோன்). 118. லேப் எல்லை 15 முதல் 65. ஆனால் சி.கே.டி. இருந்தால் பி.டி.ஹெச். ஏறுவது சகஜம், அதனால் இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

---

வாரம்_மூன்று_நாள்

சகஜம்தான், எனக்கு 400-க்கு மேல். ஆனால் ஒரு வித்தியாசம். சிறுநீரகம் கெட்டதால் பி.டி.ஹெச். ஏறினால், இரத்தத்தில் கால்சியம் குறைவாகவோ அளவாகவோ இருக்கும். கால்சியம் பற்றவில்லை என்றுதான் அந்தச் சுரப்பி கத்துகிறது. உங்களுக்குக் கால்சியம் ஏற்கெனவே அதிகம். அதிகமாக இருக்கும்போது சுரப்பி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியும் கத்துகிறது என்றால் கோளாறு சுரப்பியிலேயே இருக்கலாம். அதுவும் உங்கள் 51-க்கு 118 கொஞ்சம் ஜாஸ்தி. ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் அந்த 5 தாளையும் கொண்டுபோங்கள். வைட்டமின் டி-யும் பார்ப்பார்கள், அது குறைந்தாலும் பி.டி.ஹெச். ஏறும்.

---

நாலாம்_கல் | 4 மாதம் கழித்து

தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்னதுதான். பாராதைராய்டு. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் 4 சுரப்பிகள். அதில் ஒன்று மட்டும் வீங்கி, கணக்கில்லாமல் சுரந்திருக்கிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்தில் போட்டு, அது சிறுநீரில் வழிந்து, கல்லாகியிருக்கிறது. எலும்பு அடர்த்திச் சோதனையிலும் குறைவுதான் வந்தது. 8 வருடம் பாலை நிறுத்தியது எதற்கு உதவியது என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

அறுவை முடிந்து 6 வாரம். மேஜையிலேயே, சுரப்பியை எடுத்த 10 நிமிடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்: 131 இருந்த பி.டி.ஹெச். 28 ஆகியிருந்தது. பாதிக்கும் கீழே இறங்கினால் சரியான சுரப்பியை எடுத்ததாக அர்த்தமாம். முதல் வாரம் உதடும் விரல் நுனியும் மரத்து மரத்து ஊசி குத்தின. பசித்துக் கிடந்த எலும்பு கால்சியத்தை இழுக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். இப்போது கால்சியம் 9.4.

வலது பக்கக் கல் அங்கேயேதான் இருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். 50. ஏறும் என்று மனதுக்குள் ஒரு ஆசை இருந்தது, ஏறவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான், இனி வேகம் குறைந்தால் போதும் என்றார். உப்பு, இரத்த அழுத்தம், 6 மாதத்துக்கு ஒரு முறை இரத்தமும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்க்க வேண்டும். தினமும் ஒரு டம்ளர் பால் குடிக்கிறேன். முதல் டம்ளரை அரை மணி நேரம் வைத்துக் குடித்தேன்.

---

இரண்டு_மணிக்கு_அலாரம்

படித்துவிட்டு மகனிடம் சொன்னேன். "அவங்க ராத்திரி தூங்கலாமா?" என்று கேட்டான். தூங்குங்கள் அக்கா.

---

பதினோரு_வருடம்

சகோதரி, நலம் பெற வாழ்த்துகள். ராத்திரி என் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். க்ரியாட்டினின் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. கால்சியம் என்ற வரியே எதிலும் இல்லை.

லேப் மேடம், அதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

---

சோதனைச்சாலை_ராத்திரி_ஷிஃப்ட்

கட்டாயமில்லை சார். ஆல்புமினும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், அது குறைந்திருந்தால் கால்சியம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். கையில் பட்டையைக் கட்டி ரொம்ப நேரம் வைத்திருந்தால் கூடுதலாகக் காட்டும், அதனால் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள். காலையில் போனால் கூட்டம் இருக்கும். 11 மணிக்கு மேல் போங்கள்.